வடக்கெல்லை

எங்கள் பக்கத்துக் காணி உறுதிகளில் முதலில் காணியின் பெயர் வரும். பிறகு பரப்பும் குழியும். அதன் பின்னர்தான் எல்லைகள்: கிழக்கு இன்னாரும் பங்காளரும், வடக்கு இன்னாரின் மனைவி, மேற்கு ஒழுங்கை, தெற்கு கோயில் காணி. மல்லாகத்தில் சட்டத்தரணியும் நொத்தாரிசுமாகத் தொழில் தொடங்கிய காலத்தில் இந்தப் பகுதியைக் கண்ணால் மேய்ந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். எல்லை வரியில் விரலை வைத்து நிறுத்தி வாசிக்க என்னைப் பழக்கியவர் ஒரு கட்சிக்காரர். பலாலிக் கமக்காரர். 2013ஆம் ஆண்டு மே மாதம் முதன்முதலில் என் அலுவலகத்துக்கு வந்தபோது அவருக்கு 71 வயது.

வந்தவர் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார்:

"பிள்ளை, மரத்தில ஒட்டின கடதாசியில காணிக்காரரைக் காணேல்லை எண்டு போட்டிருக்காம். நான் எங்க காணாமப் போனன்? காணியில இருந்து நாலு கட்டை தூரத்தில, முகாமில, 23 வருசமா இருக்கிறன். விதானையாருக்குத் தெரியும். நிவாரணம் குடுக்கிற ஆக்களுக்குத் தெரியும்."

அவர் சொன்ன கடதாசி, காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல். வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணி பாதுகாப்புத் தேவைக்காக எடுக்கப்படப்போகிறது என்று அந்தச் சித்திரை மாதத்தில் அறிவித்திருந்தார்கள். பலாலி விமானத்தளமும் காங்கேசன்துறையும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களும் அதற்குள் அடங்கின. 1990 ஜூனில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட சனம் அதுவரை ஒரு நம்பிக்கையில் இருந்தது: காணி எங்களுடையது, ஆட்சி மட்டும் எங்களிடம் இல்லை. அந்த அறிவித்தல் கைவைத்தது முதற்பாதியில்.

சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அது. 2ஆம் பிரிவு அறிவித்தல் வெறும் தொடக்கம்தான். அதிகாரிகள் உள்ளே போய் அளந்து பார்க்க அது இடம் கொடுக்கிறது. 4ஆம் பிரிவில்தான் உரிமையாளருக்கு வாய் திறக்க இடமுண்டு, எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 5ஆம் பிரிவில் இந்தக் காணி பொதுத் தேவைக்கு வேண்டும் என்ற பிரகடனம். 38ஆம் பிரிவில் கையேற்பு உத்தரவு. ஆனால் 38இல் ஒரு காப்புவாசகம் இருக்கிறது. அவசரம் என்றால் ஆட்சேபம் கேட்பதற்கு முன்னரே கையேற்கலாம். நான் பார்த்த எத்தனையோ கோப்புகளில் அந்த 'அவசரம்' உரிமையாளரின் வாயை அடைத்திருக்கிறது.

எங்களுக்குப் பற்றிப் பிடிக்க ஒரு நல்ல தீர்ப்பு இருந்தது. 2000ஆம் ஆண்டில் மனேல் பெர்னாண்டோ எதிர் ஜயரத்ன வழக்கில், நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம், பொதுத் தேவை எதுவென்பதை அறிவித்தலிலேயே சொல்ல வேண்டும் என்றது. நீதியரசர் மார்க் பெர்னாண்டோ அதில் காட்டிய நியாயம் எளிமையானது. என்ன தேவைக்கு என்று சொல்லாவிட்டால் எதை மறுத்து ஆட்சேபிப்பது? மனதில் ஒரு தேவை இல்லாமல் அமைச்சர் அறிவித்தல் விட முடியாது. மனதில் இருப்பதைக் காணிக்காரரிடம் மறைக்க என்ன காரணம் இருக்க முடியும்? காணி வழக்காடும் ஒவ்வொரு சட்டத்தரணியும் தலைமாட்டில் வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு அது.

2013 மே மாதத்தில் 2,000க்கும் மேற்பட்ட காணிக்காரர்கள் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு எழுத்தாணை மனுக்களோடு போனார்கள். அங்கே வாதாடியவர்கள் பெரிய சட்டத்தரணிகள். என் பங்கு சின்னது. சத்தியக்கடதாசி எழுதுவது, உறுதி தேடுவது, ஒவ்வொருவருக்கும் எது சொந்தம் என்று ஒரு தாளில் தெளிவாகக் கொண்டுவருவது. ஒவ்வொரு நாளும் இருபது பேர் வருவார்கள். சிலரிடம் உறுதி இருந்தது. பலரிடம் காணியின் பெயரும் பக்கத்துக் காணிக்காரரின் பெயரும் மட்டுமே இருந்தன. பக்கத்துக் காணிக்காரர் கனடாவில், அல்லது வேறு முகாமில், அல்லது உயிரோடு இல்லை. ஒருவர் எல்லையை இன்னொருவர் பெயரால் சொல்லும் ஊரில் எல்லாரும் ஒன்றாக எழும்பிப் போய்விட்டால் எல்லையும் சேர்ந்து எழும்பிப் போய்விடுகிறது.

பலாலிக்காரர் கையில் ஓர் உறுதிதான் இருந்தது. 1936ஆம் ஆண்டு அவருடைய பேரனார் வாங்கிய உறுதி. எங்கள் ஊரில் தாத்தாவைப் பேரன் என்றுதான் சொல்வோம். காணியின் பெயர் நாவலடிப்புலம், 18 பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதால் ஏக்கருக்குச் சற்றுக் கூட. வடக்கெல்லையில் ஓர் ஆளின் பெயர் இருந்தது. பேரனார் அதைத் தாயாருக்குச் சீதனமாக 1951இல் எழுதினார் என்றும் அந்த உறுதி 1990இல் வீட்டோடு போய்விட்டது என்றும் சொன்னார்.

போனது போய்விடவில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றத்தை நொத்தாரிசு முன்னால்தான் செய்ய வேண்டும் என்கிறது. நொத்தாரிசு மூலத்தைக் கட்சிக்காரரிடம் கொடுக்கிறார், ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறார், இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகிறார். வீடு எரிந்தாலும் உறுதி முழுதாக எரியாது என்பது எங்கள் தொழிலின் பெரிய ஆறுதல். மூன்று கிழமை பதிவகத்துக்கு நடந்தேன். கிடைத்தது.

அந்தச் சான்றுப் பிரதியை வாசித்தபோதுதான் வடக்கெல்லை வரியில் என் விரல் நின்றது. 1951ஆம் ஆண்டுச் சீதன உறுதியில் நாவலடிப்புலம் 12 பரப்பு. வடக்கு: ஆகாயக் கப்பல் இறங்கும் அரசாங்கக் காணி.

பதினைந்து வருடத்தில் 6 பரப்பைக் காணோம். வடக்கே ஓர் அயலவர் இருந்த இடத்தில் ஒரு விமானத்தளம் வந்திருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப் படை பலாலியில் தளம் அமைத்த கதை எல்லாருக்கும் தெரியும். அது எந்த வேலியைப் பிடுங்கிக்கொண்டு வந்தது என்பது இந்த இரண்டு உறுதிகளுக்கும் இடையில் கிடந்தது. கட்சிக்காரரிடம் கேட்டேன். "ஓம், பேரனுக்கு ஒரு துண்டு குடுத்து ஏதோ காசும் குடுத்தவங்கள் எண்டு அம்மா சொல்லுவா. வெள்ளைக்காரன் கேட்டுத்தான் எடுத்தவன்" என்றார். கேட்டுத்தான் எடுத்தான் என்பதை அவர் அழுத்திச் சொன்ன விதம் இன்னும் காதில் நிற்கிறது.

போர் முடிந்ததும் தளம் சனங்களுக்குப் பயன்பட்டது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதற் பறப்பு இரத்மலானையில் புறப்பட்டுப் பலாலியில் இறங்கி மதராசுக்குப் போனது, டக்கோட்டா விமானத்தில். அதாவது எயார் சிலோன் பறக்கத் தொடங்கிய முதல் நாளிலேயே எங்கள் செம்மண்ணில் ஒரு நிறுத்தம் இருந்தது. புகையிலைத் தோட்டத்துக்கும் வெங்காயப் பாத்திக்கும் பக்கத்தில் விமானம் இறங்குவது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதினமில்லை. போர் தொடங்கிய பிறகு தளம் முழுக்கப் படையினர் கைக்குப் போனது. பிறகு ஊரே போனது.

மேன்முறையீட்டு நீதிமன்றத்து மனுக்கள் ஒரு பக்கம் போக, 2015இல் அரசு மாறிக் காணி விடுவிப்பு தொடங்கியது. துண்டு துண்டாக விட்டார்கள். ஒரு கட்டத்தில் எங்கள் கட்சிக்காரரின் வீடும் கிணறும் நின்ற 7 பரப்பும் வெளியே வந்தன. மீதி 5 பரப்பு முட்கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் நின்றுவிட்டது. வீடு என்று சொன்னேன், அத்திவாரமும் ஒரு சுவரும்தான் மிஞ்சியிருந்தன. கிணறு இருந்தது. துலா இல்லை. அவர் முதல் வேலையாகக் கிணற்றை இறைப்பித்தார்.

அந்த 5 பரப்புக்குத்தான் வழக்கு. ஓர் அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மேசையில் ஒரு வரைபடம் விரித்திருந்தது. பழைய விமானத்தளம் என்று நிறம் தீட்டிய பகுதிக்குள் நாவலடிப்புலத்தின் வடபாதி அடங்கியிருந்தது. "இது புதிதாக எடுக்கும் காணி இல்லை. ஏற்கெனவே தளத்துக்குச் சொந்தமான காணி. நட்டஈட்டுக் கேள்வியே எழாது" என்றார் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார். கோப்பில் இருந்ததைச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். 2013இல் 'எடுக்கப்போகிறோம்' என்று அறிவித்த நிலப்பரப்புக்குள் இருந்த காணியைச் சில ஆண்டு கழித்து 'எப்போதோ எடுத்தாகிவிட்டது' என்கிறார்கள். ஆனால் கோபம் வாதமாகாது. எடுத்ததென்றால் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டேன். 1950க்குப் பிறகென்றால் 38ஆம் பிரிவு உத்தரவும் வர்த்தமானியும் இருக்க வேண்டும். அதற்கு முன்னரென்றால் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஏதாவது இருக்க வேண்டும். படத்தில் தீட்டிய நிறம் உரித்து ஆகாது. அடுத்து இரண்டு உறுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 1936இல் 18. 1951இல் 12. குறைந்த 6 பரப்புத்தான் தளத்துக்குப் போனது, அதை நாங்கள் கேட்கவில்லை. தளம் இந்த 12க்கு வடக்கே தொடங்குகிறது என்று 1951ஆம் ஆண்டிலேயே நொத்தாரிசு எழுதி, அரசின் பதிவகமே பதிந்து வைத்திருக்கிறது. தளத்தை எல்லையாகக் கொண்ட காணி தளத்துக்குள் இருக்க முடியாது.

அதிகாரி விவரமானவர். "தனியார் இருவர் தமக்குள் எழுதிய எல்லை அரசைக் கட்டுப்படுத்துமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தனித்து நின்றால் கட்டுப்படுத்தாது. தந்தை மகளுக்கு எழுதும் உறுதியில் எதையும் எழுதலாம். ஆனால் ஆசைப்பட்டு எழுதுகிறவர் காணியைக் கூட்டி எழுதுவாரே தவிர 18ஐ 12 ஆக்கி எழுதமாட்டார். தனக்குப் பாதகமான உண்மையை ஒருவர் எழுதியிருந்தால் அதை நம்பலாம் என்பது சாட்சியச் சட்டம் நெடுகக் கிடக்கும் பொதுப் புத்தி.

இன்னொரு சாட்சியும் எங்களிடம் இருந்தது. பக்கத்துக் காணியில் வளர்ந்து வேறொரு முகாமில் இருந்த 80 வயது ஆச்சி. காணி அளவு, உறுதி இலக்கம் ஒன்றும் அவவுக்குத் தெரியாது. எதைச் சொல்லுவா என்று எனக்கே தெளிவில்லை. அதிகாரி வேலி எங்கே இருந்தது என்று கேட்டதும் தயங்காமல் சொன்னா: "நாவல் மரத்துக்கு வடக்கால ரெண்டு வாய்க்கால் தள்ளி. நாங்கள் நாவற்பழம் பொறுக்கப் போறனாங்கள். வேலிக்கு அங்கால வெறும் புல்லு. அங்கால போனா ஏசுவாங்கள், மரத்தடிக்கு வந்தா ஒருத்தரும் ஏசமாட்டாங்கள்."

நாவல் மரம் இப்போது இல்லை. ஆனால் நில அளவைத் திணைக்களத்தின் பழைய தாளில் கிணறு குறிக்கப்பட்டிருந்தது, கிணறு இன்றும் அதே இடத்தில் இருந்தது. எங்கள் நில அளவையாளர் வேலிக்குள் போக அனுமதி கிடைக்கவில்லை. அவர் கிணற்றைத் தொடக்கப் புள்ளியாக வைத்து, பழைய தாளையும் புதிய அளவையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் கணக்கிட்டுக் காட்டினார். 12 பரப்பின் வடகோடு முட்கம்பிக்கு உள்ளே போய், ஆச்சி சொன்ன இடத்துக்குக் கிட்ட விழுந்தது. பொருத்தமான அளவையாளர் கிடைத்தால் பாதிக் காணி வழக்கு முடிந்தது என்று என் மூத்த சட்டத்தரணி சொல்வார். அன்று அதைக் கண்ணால் கண்டேன்.

இடையில் ஒருவர், இவ்வளவு காலம் ஆட்சியில் இல்லாதவருக்கு உரித்து எங்கே மிஞ்சும் என்று ஒரு வாதத்தை எடுத்தார். இது எங்கள் பகுதியில் பலரைப் பயமுறுத்திய கதை என்பதால் எழுதுகிறேன். காணியை விட்டு விலகி இருந்ததால் மட்டும் ஒருவர் உரிமை போகாது. இன்னொருவர் அவருக்கு எதிராகப் பத்து ஆண்டு தடையின்றி ஆட்சி செய்திருக்க வேண்டும். போரால் போகமுடியாமல் இருந்தவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, ஆயுதச் செயற்பாடுகளால் தன் உரிமையைத் தேடிப் போகமுடியாதிருந்தவருக்கு எதிராக அந்தக் காலம் கணக்கில் சேராது என்றது அது. பயந்து உரித்தை விட்டுக்கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். இந்த ஒரு சட்டத்தை ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகச் சொல்லியிருக்க வேண்டும்.

விசாரணை முடிவில் எங்களுக்குக் கிடைத்தது குறிப்பேட்டில் ஒரு வரி: நாவலடிப்புலம் 12 பரப்புக்கும் உரித்துக் கோருபவர் இன்னார், அதில் 5 பரப்பு வேலிக்குள் உள்ளது, அரசுக்கு உரித்தானது எனக் காட்டும் ஆவணம் முன்வைக்கப்படவில்லை. காசு இல்லை, காணியும் இல்லை. என் கட்சிக்காரர் அந்த வரியின் பிரதியை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "பேரனுக்கும் இப்பிடி ஒரு துண்டுதான் குடுத்தவங்கள்" என்றார்.

2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் விமானம் வந்து இறங்கியது. ஓடுபாதையின் ஒரு பகுதியை, 1,400 மீற்றர் அளவுக்கு, செப்பனிட்டிருந்தார்கள். எழுபது பேரளவில் ஏறும் ஏ.டி.ஆர். விமானத்துக்கு அது போதும். திறப்பு விழாவுக்கு மறுநாள் பலாலிக்காரர் என்னிடம் வந்தார். கவலையோடு வருவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்திருந்தது.

"என்ர மனிசியைச் சென்னைக்குக் கண் ஒப்பிறேசனுக்குக் கொண்டு போனது நினைவிருக்கே, பிள்ளை? இரவு முழுக்க பஸ்ஸில தெற்கால கொழும்புக்குப் போய், அங்கயிருந்து திரும்ப வடக்கால பறந்தனாங்கள். வீட்டு வாசல்ல இருக்கிற படலையை விட்டிட்டு ஊரைச் சுத்தின மாதிரி. இப்ப படலை திறந்திட்டுது."

"அப்ப அந்த அஞ்சு பரப்பு, ஐயா?"

"விமானம் இறங்கட்டும். நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. என்ர காணிக்கு மேலால இறங்குதெண்டு எழுதித் தரட்டும். வேணுமெண்டா முறையாக் கேட்டு எடுக்கட்டும். கேட்டா குடுக்கிறவன்தான் நான்."

இதை வழக்கு என்று சொல்லி நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இந்தப் பேச்சுத்தான். காணிக்காரர் என்றால் விமான நிலையத்துக்கு எதிரி, விமான நிலையம் வேண்டும் என்றால் காணிக்காரரைப் பற்றிப் பேசக்கூடாது என்று இரண்டு கன்னையாகப் பிரித்துப் பேசுவதை யாழ்ப்பாணத்திலும் கேட்டேன், கொழும்பிலும் கேட்டேன். அந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலானோர் இரண்டையும் விரும்பினார்கள். சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. பாதுகாப்புத் தேவைக்கு என்று சொன்ன காணியில் பயணிகள் விமான நிலையம் வருவதானால் தேவை மாறிவிட்டது. மாறிய தேவையைச் சொல்லி, 4ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபம் கேட்டு, வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நட்டஈடு கொடுத்து, வேண்டாததை 39அ பிரிவின் வழியில் திருப்பிக் கொடுக்கலாம். எடுத்த காணி அமைச்சரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்டது போன்றது என்பதை டி சில்வா எதிர் அத்துக்கோரள வழக்கில் 1993லேயே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இது இனிமேலும் வரும் கேள்வி. பெரிய விமானம் இறங்க ஓடுபாதை நீள வேண்டும். ஓடுபாதை நீண்டால் தார் போட்ட நிலம் மட்டும் போதாது. இரு பக்கமும் வெறுவெளி வேண்டும், நுனியில் விளக்கு வரிசை வேண்டும், இறங்கும் வழியில் கட்டடத்துக்கும் பனைக்கும் உயரக் கட்டுப்பாடு வரும். அவ்வளவும் யாரோ ஒருவரின் எல்லை வரியைத் தாண்டித்தான் போகும்.

தொற்றுநோயால் 2020 மார்ச்சில் நின்ற பறப்புகள் 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கின. அடுத்த ஆண்டு பலாலிக்காரர் மகளோடு வந்தார். விடுபட்ட 7 பரப்பையும், திருத்திக் கட்டிய வீட்டையும், கிணற்றையும் மகளுக்கு நன்கொடையாக எழுத வேண்டும் என்றார். அந்த உறுதியை நானே நொத்தாரிசாக நின்று எழுதினேன். காணியின் பெயர், 7 பரப்பு, கிழக்கில் ஆச்சியின் உரித்தாளர், தெற்கில் ஒழுங்கை, மேற்கில் பங்காளர். வடக்கு: யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்.

வரைவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர் வடக்கு வந்ததும் கையை உயர்த்தினார்.

"அதை வெட்டுங்கோ."

நான் உடனே விளங்கிக்கொள்ளவில்லை. வேலிக்கு அங்கால விமான நிலையம்தானே, ஐயா, என்றேன்.

"அண்டைக்கு நீங்கள் என்ன சொல்லி வாதாடினனீங்கள்? எல்லையில தளம் எண்டு எழுதியிருந்தா தளம் அங்கயிருந்துதான் தொடங்குது எண்டனீங்கள். இப்ப இப்பிடி எழுதினா, நாளைக்கு ஒருத்தன் இந்த உறுதியைக் காட்டி, பார், ஏழு பரப்போட உன்ர காணி முடிஞ்சுது எண்டு சொல்லுவான்."

என் வாதத்தை என்னைவிட நன்றாக அவர் வைத்திருந்தார். அந்த வரியை வெட்டினேன். அவரும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க மறுபடி எழுதினேன். வடக்கு: இந்த நன்கொடையாளருக்குச் சொந்தமான, நாவலடிப்புலம் என்னும் இக்காணியின் மீதி 5 பரப்பு.

அவர் கண்ணாடியைப் போட்டு அந்த ஒரு வரியை மட்டும் எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு கையெழுத்து வைத்தார்.